றோட்டு கையில தெரியுதோ?

கனடாவிலிருந்து வந்த மருமகன், வேலணை வீட்டில் அம்மம்மாவின் சீதன மேசையில் ஒரு ஸ்டியரிங்கைப் பூட்டினான். கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவதற்காம்.

"பிடியுங்கோ மாமா, றோட்டு கையில தெரியும்."

லொஜிடெக் ஜி29. உள்ளே மோட்டாரும் பல்லுச்சக்கரமும், கையைத் திருப்பும் முறுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீற்றர். வளைவில் கடகடவென்று கொத்தியது. தேங்காய் துருவுகிற மாதிரி. பெல்ட் வைத்த த்ரஸ்ட்மாஸ்டர் டி300 வழுவழுப்பு, ஆனால் சின்னக் குலுக்கலை பெல்ட் விழுங்கிவிடுமாம். மோட்டார்த் தண்டிலேயே வளையத்தைப் பூட்டும் டிரெக்ட் டிரைவ்தான் உச்சம். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீற்றர். பெரிய ரகங்கள் 20ஐத் தாண்டி மணிக்கட்டையே திருகும். காசு கொடுத்துத் திருகு வாங்குகிற சனம்!

பவர் ஸ்டியரிங் இல்லாத மொறிஸ் மைனரில் தீவுப்பகுதி ஒழுங்கைகளில் ஓடியவன் நான். ஒவ்வொரு குழியும் தோள்மூட்டு வரை வந்து சுகம் விசாரித்துப் போகும். அப்போது அதை நாங்கள் 'பழுது' என்றோம்.

மறுநாள் குறிகாட்டுவானில், தெரிந்தவரின் மீன்பிடிப் படகில் என்ஜின் கைபிடியை அவனிடம் கொடுத்தோம். பல்லுமில்லை, பெல்ட்டுமில்லை. நெடுந்தீவுப் பக்கம் கச்சான் காற்றில் கடல் எழும்பியிருந்தது.

"மாமா, இந்தக் குலுக்கலை எங்க குறைக்கிறது?"

குறைக்கப் பொத்தான் இல்லை. செலவு மண்ணெண்ணெய்க் காசு மட்டும்.