கல்யாண நாளும் மூன்றாம் ஆளும்

கல்யாண நாளுக்குப் பெங்களூரு போகும் தம்பதி, முதல் இரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிடுகிறார்கள். மெனுவைப் படிக்க செல்போன் டார்ச் வேண்டியிருக்கிறது. பில் மட்டும் பளிச்சென்று தெரிகிறது: 5 சதவீத ஜிஎஸ்டி போதாதென்று 10 சதவீத சேவைக் கட்டணம்.

மறுநாள் காந்தி பஜார். 1943-இல் தொடங்கிய வித்யார்த்தி பவன் வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருந்து உள்ளே போனால், அதே மேசையில் முன்பின் தெரியாத மாமா ஒருவர் சட்னியை வழித்துக்கொண்டிருக்கிறார். சர்வர் ஒற்றைக் கையில் தோசைத் தட்டுகளைக் கோபுரமாக அடுக்கி வருகிறார்.

“இன்னொண்ணு சொல்லவா?” என்கிறார் கணவர். இரண்டு நாளில் அவர் பேசிய ஒரே காதல் வசனம்.

சேவைக் கட்டணம் கட்டாயமில்லை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. மனைவி எதிரே அதை நீக்கச் சொல்லத்தான் ஆளில்லை.