முன்சக்கரப் பக்கம் ஒரு ‘டொக்’

கேள்வி: தக்காளி லோடு அடிக்கிற பிக்கப். முன்னாடி எங்கேயோ ‘டொக் டொக்’ என்று சத்தம். மூன்று மெக்கானிக் பார்த்துவிட்டார்கள், மூன்று பேரும் மூன்று பதில் சொல்கிறார்கள். எதை மாற்றுவது?
(ஒட்டன்சத்திரம்)

முதலில் மெக்கானிக்கிடம் நீங்கள் சொல்லும் வாக்கியத்தை மாற்றுங்கள். “எங்கேயோ வருது” என்றால் அவரும் எங்கேயோதான் கழற்றுவார். ‘எங்கே’யை அவரிடம் விட்டுவிடுங்கள், ‘எப்போது’ என்பது வண்டி ஓட்டும் உங்களுக்குத்தான் தெரியும்.

பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போது தட்டுகிறதா, வேகத்தடையில் இரண்டும் ஒன்றாக ஏறும்போதுமா? முன்சக்கரம் இரண்டையும் சேர்த்து ஒரு கம்பி குறுக்கே போகும், ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கினால் அதுவும் கூடவே போய்வரும், முறுக்கு விழாது. ஒரு பக்கம் மட்டும் இறங்கினால்தான் முறுக்கிக்கொள்ளும். அதன் லிங்க் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துத்தான் தட்டும். காலி இடத்தில் ஒரு மரப்பலகையைப் போட்டு, நடக்கிற வேகத்தில், முதலில் ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றுங்கள். பிறகு இரண்டையும். அதற்கப்புறம் மெக்கானிக்கிடம் பேசினால், மூன்று பதில் ஒன்றரையாகக் குறையும்.

கேள்வி: எங்கள் தெரு வேகத்தடையில் ஏறினால் மட்டும் வண்டி அலறுகிறது. ஷாக் அப்சார்பர் போய்விட்டதா?
(தேனி)

இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கலாம் என்பது கணக்கு. உங்கள் தெருவில் இருப்பதை டேப் வைத்து அளந்துவிட்டு எழுதுங்கள். அலறுவது வண்டியா, வண்டியின் நியாயமா என்று சொல்கிறேன்.

கேள்வி: 50-ஐத் தாண்டினால் வண்டு மாதிரி ‘ம்ம்ம்’ என்று ரீங்காரம். வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது.
(பொள்ளாச்சி)

வீல் பேரிங் மேல் சந்தேகம். ஆள் நடமாட்டமில்லாத அகலமான ரோட்டில் ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் வளையுங்கள். அப்போது எடை வலப்பக்கச் சக்கரத்தில் சாயும். சத்தம் கூடினால் வலது பேரிங்; வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது. ஆனால் பட்டன் திட்டுத் திட்டாகத் தேய்ந்த டயரும் இதே ராகத்தை அட்சரம் பிசகாமல் பாடும். பேரிங் வாங்குவதற்கு முன் முன்டயரைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். வண்டும் பின்னால் போனால் பேரிங் காசு மிச்சம்.

கேள்வி: ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ‘டிக் டிக்’. “முன் ஆக்ஸில் ஜாயிண்ட் போச்சு” என்கிறார் மெக்கானிக். என் வண்டி சாதாரண டூ வீல் டிரைவ்தான், பின்சக்கர இழுவை.
(சங்ககிரி)

அப்படியானால் உங்கள் முன்சக்கரத்துக்கு இழுக்கிற ஆக்ஸிலே கிடையாது. இல்லாத ஜாயிண்ட் எப்படிப் போகும்? ஃபோர் வீல் டிரைவாக இருந்தால் அவர் சொன்னது சரியாக இருக்கலாம். உங்கள் வண்டியில் பால் ஜாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். முழுசாக ஒடிக்கையில் டயர் மட்ஃபிளாப்பில் உரசுகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். டயர்ப் பட்டன் இடுக்கில் ஒரு ஜல்லி மாட்டியிருந்தாலும் ‘டிக் டிக்’தான். அதற்கு வைத்தியம் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

கேள்வி: கரடுமுரடான ரோட்டில் ‘கடகட’. பிரேக்கில் லேசாகக் கால் வைத்தால் நின்றுவிடுகிறது. அப்படியே கால் வைத்து ஓட்டலாமா?
(ஓசூர்)

ஓட்டலாம், பிரேக் கருகும் வரை. கால் வைத்ததும் சத்தம் நிற்கிறது என்றால் குற்றவாளி தானே கையைத் தூக்கிவிட்டான் என்று அர்த்தம். பிரேக் பேட் அதன் இடத்தில் ஆடுகிறது. கிளிப் போயிருக்கும், அல்லது காலிப்பர் பின் தேய்ந்திருக்கும்.

கேள்வி: சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்கிறார்களே, அதில் என்ன தெரியும்?
(திருமங்கலம்)

மணி 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் பேரிங்கிலோ பால் ஜாயிண்டிலோ உள்ள பிளே தெரியும். இரண்டில் எது? ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். 9, 3 இடங்களில் மட்டும் ஆடினால் டை ராடு எண்ட் பக்கம் போங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலை விடாதீர்கள். ஸ்டாண்டு வைத்த பிறகுதான் எதுவும்.

கேள்வி: பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவைத்தால் இந்தப் பிரச்சினை தீராதா?
(கரூர்)

தீரும். உங்களுக்கு மட்டும்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, நீங்கள் ஏமாந்ததே இல்லையா?
(மணப்பாறை)

நன்றாகவே ஏமாந்திருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிக்கப்பில் மண்ரோட்டில் மட்டும் ஒரு ‘டொக்’ வந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். அடுத்த வாரம் லிங்க். அதற்கடுத்த வாரம் லோயர் ஆர்ம் புஷ். வண்டியின் முன்பாதி புதுசாகிவிட்டது, சத்தம் மட்டும் பழசு. ஒருநாள் டீக்கடையில் நின்றிருந்த வயதான லாரி டிரைவர் ஒருவர், பானெட்டின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, “தம்பி, பம்பரை அமுக்கி அமுக்கி விடு” என்றார். அமுக்கினேன். டொக். “கையில தட்டுது பாரு” என்றவர், பானெட்டைத் திறந்து, மூலையில் சோடா மூடி அளவில் இருந்த ரப்பர் குமிழை இரண்டு சுற்று மேலே திருகிவிட்டார். மூடினோம். அமுக்கினோம். சத்தமில்லை. அடிச்சட்டம் இரும்பு அல்லவா, எங்கே தட்டினாலும் எல்லா இடத்திலும் கேட்கும். காது ஏமாந்த இடத்தில் அவர் கை ஏமாறவில்லை. கூலி ஒரு டீ, சர்க்கரை கம்மி.

கேள்வி: ரிவர்ஸிலிருந்து முதல் கியர் போட்டுக் கிளப்பினால் ‘டங்’. முன்னாடிதான் கேட்கிறது.
(பரமக்குடி)

கேட்பது முன்னாடி, இருப்பது நடுவிலோ பின்னாடியோ. புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸைக் கையால் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள். என் பானெட் கதையை இன்னொரு தடவை படியுங்கள்.

கேள்வி: ஒரு மாதமாக வந்துகொண்டிருந்த சத்தம் நேற்று திடீரென்று தானாகவே நின்றுவிட்டது. கொண்டாடலாமா?
(விருத்தாசலம்)

இதைப் படிக்கும்போது வண்டி ஓடிக்கொண்டிருந்தால் ஓரம்கட்டச் சொல்லுங்கள். சத்தம் போட்ட பொருள் விழுந்திருக்கலாம். வீல் நட்டுகளை எண்ணிவிட்டு, வந்த வழியே கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள்.