பிக்ஃபுட்டின் இருப்பும் அரசு அங்கீகாரமும்: ஒரு முன்னாய்வு

பிக்ஃபுட் என்பது வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய மலைக்காடுகளில் வாழ்வதாகச் சொல்லப்படும் உயிரினம். உயரம் ஏழிலிருந்து ஒன்பது அடி, உடம்பெல்லாம் மயிர், மனிதரைப் போல இரண்டு காலில் நடை, ஆள் அரவம் கேட்டால் விலகிப் போகும் சுபாவம். கனடாப் பக்கம் இதற்கு சஸ்குவாட்ச் என்று பெயர். இதன் எலும்போ பல்லோ தோலோ இதுவரை எந்த அருங்காட்சியகத்துக்கும் வந்து சேரவில்லை என்பதால் விலங்கியல் இதை ஏற்கவில்லை. சட்டம் அவ்வளவு கறாராக இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்கமேனியா கவுன்ட்டியில் பிக்ஃபுட்டைக் கொல்வது 1969 முதல் குற்றம். பிறந்ததற்கே சான்று இல்லாத ஒன்றுக்கு உயிர்ப் பாதுகாப்பு கிடைத்துவிட்ட இந்த நிலைமை முறையான ஆய்வுக்கு உரியது.

சான்றுகளில் மூத்தது காலடித் தடம். 1958இல் கலிபோர்னியாவின் வடகோடியில், பிளஃப் கிரீக் என்ற ஓடையை ஒட்டிய காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே புல்டோசர் ஓட்டிய ஜெர்ரி குரூ, தன் வண்டியைச் சுற்றி 16 அங்குல நீளத் தடங்களைக் கண்டு, ஒன்றைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து எடுத்தார். யுரேகா நகரத்து ஹம்போல்ட் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. பிக்ஃபுட் என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அந்தச் சாலைப் பணியின் ஒப்பந்ததாரர் ரே வாலஸ் 2002இல் காலமானதும், அவர் வீட்டார் பெரிய மரப் பாதங்களை வெளியே எடுத்துக் காட்டி, எல்லாம் அப்பாவின் விளையாட்டு என்றார்கள். மரக்கால் இருந்ததாலேயே மெய்க்கால் இல்லை என்று ஆகிவிடாது என்பது ஆதரவாளர் தரப்பு. தர்க்கத்தில் பழுதில்லை. கள்ள நோட்டு பிடிபட்டதால் நல்ல நோட்டே கிடையாது என்று யாரும் சொல்வதில்லைதான். ஆனால் நல்ல நோட்டை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது படம். 1967 அக்டோபர் 20 அன்று அதே பிளஃப் கிரீக்கில் ரோஜர் பேட்டர்சனும் பாப் கிம்லினும் எடுத்த 16 மி.மீ. படம் ஒரு நிமிடம்கூட ஓடாது. கருத்த உருவம் ஒன்று கைகளை வீசி ஓடைக்கரையில் நடந்துபோகிறது. நடுவில் ஒருமுறை, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, தோளோடு சேர்த்துத் திரும்பிக் கேமராவைப் பார்க்கிறது. பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. வேடம் போட்டது நான்தான் என்று பின்னாளில் ஒருவர் உரிமை கொண்டாடினார். அதை ஏற்காதவர்கள் இன்னும் அந்த நடையின் முழங்கால் மடிப்பை அளந்துகொண்டிருக்கிறார்கள். அதன் பிறகு ஆளுக்கொரு கைபேசி வந்தது. வேட்டைக்காரர்களும் ஆய்வாளர்களும் தானியங்கிக் கேமராக்களை மரத்துக்கு மரம் கட்டினார்கள். அவற்றில் கரடி விழுந்தது, மலைச் சிங்கம் விழுந்தது, எல்க் மான் விழுந்தது. பிக்ஃபுட் துறையின் தலைசிறந்த படம் மட்டும் இன்றும் 1967ஆம் ஆண்டுப் படம்தான்.

மயிரின் வரலாறு இன்னும் சோகமானது. 1976இல் ஓரிகனிலிருந்து பீட்டர் பைர்ன் என்ற தேடலாளர், தோல் துணுக்கோடு கூடிய 15 மயிரிழைகளை ஆராய்ந்து சொல்லுமாறு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு எழுதினார். கொலையும் கொள்ளையும் பார்க்கும் அந்த அலுவலகம் மறுக்காமல் ஆராய்ந்து, இது மான் இனத்தது என்று பதில் எழுதியது. 2019இல் அந்தக் கோப்பைப் பொதுவில் வெளியிட்டார்கள். 2014இல் ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரையன் சைக்ஸ் குழு, உலகெங்கிலுமிருந்து பிக்ஃபுட், இமயமலைப் பனிமனிதன் எனப்படும் யெட்டி வகையறாவுடையது என்று வந்த மயிர்களின் மரபணுவைப் படித்தது. கரடி, பசு, குதிரை, நாய், முள்ளம்பன்றி, மான், ஆடு, ரக்கூன், ஒரு மனிதர் என்று ஒரு சிறிய மிருகக்காட்சிசாலையே தேறியது. தேடியது மட்டும் இல்லை.

இருப்பிடம் பற்றிய ஆய்வுகளும் உண்டு. 2009இல், பிக்ஃபுட் தென்பட்ட இடங்களை வைத்து அதன் வாழிடத்தைக் கணிப்பொறியில் கணித்தவர்களுக்கு, கருங்கரடியின் வாழிடத்தோடு பெரிதும் பொருந்தும் வரைபடம் கிடைத்தது. 2024இல் வந்த இன்னொரு கணக்கு, ஒரு பகுதியில் ஆயிரம் கரடிகள் கூடினால் பிக்ஃபுட் காட்சிகள் சுமார் 4 சதவீதம் கூடுகின்றன என்றது. இதிலிருந்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். ஒன்று, மக்கள் பார்ப்பது நிமிர்ந்து நிற்கும் கரடியை. மற்றொன்று, பிக்ஃபுட் கரடி வாழும் இடத்தில் மட்டுமே வாழும், கரடி பெருகும்போது பெருகும், தூரத்தில் நின்றால் கரடிபோலவே தெரியும் தனி விலங்கு. இரண்டாவதை எவராலும் மறுக்க முடியாது. அதன் பலமும் அதுதான், குறையும் அதுதான்.

வம்சாவளி தேடியவர்களில் முதன்மையானவர் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மானிடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ். தென்சீனாவில் வாழ்ந்து அழிந்த ஜைஜாண்டோபிதிகஸ் என்ற மாபெரும் குரங்கின் வழித்தோன்றலே பிக்ஃபுட் என்பது அவர் கட்சி. அந்தக் குரங்கை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியது 1935இல் ஹாங்காங் மருந்துக்கடையில் டிராகன் பல் என்று விற்கப்பட்ட ஒரு கடைவாய்ப் பல். இன்றுவரை கிடைத்திருப்பவையும் பற்களும் சில தாடைகளுமே; பாதம் கிடைக்கவேயில்லை. தாடையில்லாத பாதத்துக்குப் பாதமில்லாத தாடையை முடிச்சுப் போட்ட இந்தச் சம்பந்தம் பார்வைக்கு அம்சமாகத்தான் இருக்கிறது. ஒன்றையாவது சுட்டு உடலைக் கொண்டுவந்தால்தான் உலகம் நம்பும் என்று கிரான்ட்ஸ் வெளிப்படையாகச் சொல்லி, சக தேடலாளர்களிடமே கெட்ட பெயர் வாங்கினார். 2002இல் இறந்தபோது தன் உடலையே அறிவியலுக்குக் கொடுத்தார். அவரது எலும்புக்கூடு, அவர் வளர்த்த ஐரிஷ் வேட்டைநாயின் எலும்புக்கூட்டோடு ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. பிக்ஃபுட் ஆய்வு அருங்காட்சியகத்துக்கு அளித்த எலும்பு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

உடல் இல்லாமல் உயிரினத்துக்குப் பெயர் வைக்கவே முடியாது என்பதும் சரியல்ல. அருணாசலப் பிரதேசத்தின் முன்ஸாலாக் குரங்கை 2005இல் இந்திய ஆய்வாளர்கள் புகைப்படத்தை வைத்தே புதிய இனமாக அறிவித்தார்கள். ஆனால் அது தவாங் பக்கத்து ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கும், பயிரை மேயும் குரங்கு. எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 1975இல் சர் பீட்டர் ஸ்காட்டும் ராபர்ட் ரைன்ஸும், பெயர் இருந்தால்தான் பிரிட்டிஷ் சட்டம் காப்பாற்றும் என்று, நீரடிப் படங்களை நம்பி லாக் நெஸ் ஏரிப் பிராணிக்கு நேச்சர் இதழில் லத்தீன் பெயர் சூட்டினார்கள். எழுத்துகளை மாற்றிப் போட்டால் அந்தப் பெயர் 'சர் பீட்டர் எஸ் செய்த மோசடி' என்று பொருள்படுவதை ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும் ஏரியில் அலை அடங்கியது.

விலங்கியல் தயங்கிய இடத்தில் அரசாங்கங்கள் தயங்கவில்லை. அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்று, 1959இல் நேபாளத்தில் யெட்டியைத் தேடிப் போகிறவர்களுக்கான விதிகளை எடுத்துச் சொல்கிறது: அனுமதிக் கட்டணம் 5000 இந்திய ரூபாய், படம் எடுக்கலாம், உயிரோடு பிடிக்கலாம், தற்காப்புக்கு அன்றிக் கொல்லக் கூடாது, எது கிடைத்தாலும் நேபாள அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இருக்கிறதா என்ற கேள்விக்குள் போகாமலே கட்டணம் நிர்ணயித்த இந்த முறையை நிர்வாகத்துறையின் சாதனை என்றே கொள்ள வேண்டும்.

ஆனால் முழுமையான சட்டம் ஸ்கமேனியாவினுடையதுதான். நிறைவேறிய நாள் 1969 ஏப்ரல் 1. முட்டாள்கள் தினத்து வேடிக்கை என்று மக்கள் சிரித்ததால், வேடிக்கையில்லை என்று கவுன்ட்டி நிர்வாகம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. பிக்ஃபுட்டைக் கொன்றால் 10,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. நோக்கம் பிக்ஃபுட் மட்டுமல்ல; துப்பாக்கியோடு காட்டுக்குள் அலைந்த தேடலாளர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும்தான். பெருங்குற்றத்துக்குத் தண்டனை விதிக்கக் கவுன்ட்டிக்கு அதிகாரம் கிடையாது என்பதால் 1984இல் தண்டனையைக் குறைத்துத் திருத்தினார்கள். கவுன்ட்டி முழுவதையும் சஸ்குவாட்ச் புகலிடமாகவும் அறிவித்தார்கள். அந்தத் திருத்தத்தில் இரண்டு பிரிவுகள் சட்ட மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டியவை. கொன்றவர் தன் புத்தி பேதலித்திருந்தது என்று வாதாட முடியாது; பிக்ஃபுட்டைப் பார்த்ததே பேதலிப்புக்குச் சான்று என்ற சுலபமான வழி இதனால் அடைபட்டது. இரண்டாவது, செத்தது மனித வகை என்று பிணப் பரிசோதனை அதிகாரி முடிவு செய்தால் கொலை வழக்கு. குரங்கு வகை என்றால் இந்தச் சட்டத்தின்படி வழக்கு. டார்வின் காலத்திலிருந்து இழுபறியாக இருக்கும் கேள்வியைத் தீர்க்கும் பொறுப்பு இவ்வாறு ஒரு கவுன்ட்டி அலுவலரின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

ஓக்லஹோமாவில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. 2021இல் சட்டமன்ற உறுப்பினர் ஜஸ்டின் ஹம்ஃப்ரி, பிக்ஃபுட் வேட்டைக்குப் பருவமும் உரிமமும் ஏற்படுத்த மசோதா கொண்டுவந்தார். கொல்வதற்கல்ல, சுற்றுலாவுக்கு என்று விளக்கினார். உயிரோடு, காயமில்லாமல் பிடிப்பவருக்கு 21 லட்சம் டாலர் பரிசு என்ற பேச்சும் எழுந்தது. மாநில வனவிலங்குத் துறை, தாங்கள் அறிவியலின்படி நடப்பவர்கள் என்றும் பிக்ஃபுட்டை அங்கீகரிப்பதில்லை என்றும் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. மசோதா சட்டமாகவில்லை.

நாளை நிரூபணமாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணம் அதே காட்டிலேயே இருக்கிறது. புள்ளி ஆந்தை முக்கால் கிலோகூடத் தேறாத பறவை. 1990இல் அது அழிவை நோக்கிச் செல்லும் இனமாகப் பட்டியலில் ஏறியது. வழக்குகள் தொடர்ந்தன, மரம் வெட்டுவது நீதிமன்றத் தடையில் நின்றது, மரஅறுவை ஊர்களில் ஆந்தைக்கு எதிராக வண்டிகளில் வாசகம் ஒட்டினார்கள். 1994இல் வாஷிங்டன், ஓரிகன், வட கலிபோர்னியா மூன்றையும் சேர்த்து சுமார் 2.4 கோடி ஏக்கருக்குத் தனி வனத் திட்டமே போட வேண்டியதாயிற்று. ஆந்தைக்கே இவ்வளவு என்றால் ஒன்பதடி விலங்குக்கு எவ்வளவு என்பதை மர வியாபாரிகள் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால், வாலஸ் வீட்டு மரக்கால்களைப் பொன்காப்பு போட்டுப் பாதுகாத்திருப்பார்கள்.

முதல் அடி விழப்போவது தேடலாளர்களின் தலையில். 1973ஆம் ஆண்டு அருகிவரும் உயிரினச் சட்டம் கொல்வதை மட்டும் தடுக்கவில்லை. துரத்துவதும் தொந்தரவு செய்வதும் குற்றமே. நடுராத்திரியில் காட்டுக்குள் நின்று பிக்ஃபுட்போல ஊளையிடுவதும், கட்டையால் மரத்தைத் தட்டிப் பதில் தட்டலுக்குக் காத்திருப்பதும் இவர்களுடைய அன்றாட ஆய்வுமுறை. இருப்பு நிரூபணமாகி, ஆந்தையைப்போலப் பிக்ஃபுட்டும் பட்டியலில் ஏறும் அந்த நாளிலேயே இந்த முறை வழக்குக்கு உரியதாகிவிடும்.

பிணப் பரிசோதனை அதிகாரி மனித வகை என்று எழுதிவிட்டால் சிக்கல் வேறு. அமெரிக்க மண்ணில் பிறந்த நபர் குடிமகன் என்கிறது 1868இன் பதினான்காம் திருத்தம். அப்படியானால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேர்க்க வேண்டும். கதவே இல்லாத வீட்டின் கதவைத் தட்ட ஆள் போக வேண்டும். தேசியக் காடுகளில் பொதுவாக ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் முகாமிடக் கூடாது என்பதால் பல தலைமுறை அபராத பாக்கியும் சேர்ந்திருக்கும். குரங்கு வகை என்றால் பாக்கி இல்லை, ஆனால் சொத்தும் இல்லை. தன்னைத்தானே படம் எடுத்துக்கொண்ட இந்தோனேசியக் குரங்கு வழக்கில், விலங்கு பதிப்புரிமை கோரி வழக்காட முடியாது என்று 2018இல் தீர்ப்பளித்தது ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம். பிக்ஃபுட்டின் தாய்மண்ணான கலிபோர்னியாவும் ஓரிகனும் வாஷிங்டனும் அதன் எல்லைக்குள்தான் வருகின்றன. கலிபோர்னியாவின் வில்லோ கிரீக் ஊரில் பிக்ஃபுட் அருங்காட்சியகம், ஆண்டு விழா, சிலை, கடைப் பலகை என்று ஓடும் வியாபாரத்தில் அதற்குச் சல்லிக்காசு கிடைக்காது.

அங்கீகாரம் கேட்டு நீதிமன்றம் போனவர்களும் உண்டு. 2018இல் கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி, தான் பார்த்தது கரடிதான் என்று சொன்ன மாநில அரசு பிக்ஃபுட்டை ஏற்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆவணப்பட இயக்குநர் ஒருவர் அதேபோல மாகாண அரசை இழுத்தார். விசாரணைக்கு உரிய விஷயமே இல்லை என்று நீதிமன்றம் அதே ஆண்டு தள்ளியது. அந்த மாகாணத்தின் ஸ்ட்செய்லிஸ் பழங்குடியினர் எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை. சஸ்குவாட்ச் அவர்கள் மரபில் காவல் தெய்வத்துக்கு நிகர். அவர்களுடைய சின்னத்திலேயே இருக்கிறது.

இந்தத் துறையில் நீதிமன்றத்தில் வென்றவர், ஆய்வுக்குக் கிடைத்த அளவில், ஒருவரே. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மொனாட்நாக் மலைப் பூங்காவில் பிக்ஃபுட் வேடமிட்டுப் படம் பிடித்தவரை, 30 நாள் முன்னதாக விண்ணப்பம், 100 டாலர் கட்டணம், 20 லட்சம் டாலருக்குக் காப்பீடு எல்லாம் வேண்டும் என்று நிர்வாகம் வெளியேற்றியது. 2012 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதி பேச்சுரிமைக்கு விரோதம் என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எனவே அந்தத் தீர்ப்பின்படி அந்தப் பூங்காவில் பிக்ஃபுட்டாக வேடமிட்டு நடக்க முன்னனுமதி வேண்டியதில்லை. பிக்ஃபுட்டே நடந்துவந்தால் என்ன செய்வது என்பது அவ்வழக்கில் பரிசீலனைக்கு வரவில்லை.