98 செகண்ட் பறப்பும் 28 வருஷ வீம்பும்

உலகத்திலேயே மிகப் பிரபலமான விமானம் மொத்தம் எவ்வளவு நேரம் பறந்தது தெரியுமா? 98 செகண்ட். கிண்டி சிக்னலில் பச்சை விழுவதற்குள் அதன் சர்வீஸே முடிந்துவிடும்.

ரைட் சகோதரர்களின் ‘ஃபிளையர்’தான் அது. இரட்டை இறக்கை, ஸ்ப்ரூஸ் மரச்சட்டம், 12 குதிரைத்திறன் எஞ்சின். இறக்கைக்குப் போர்த்தியது, பெண்களின் உள்ளாடை தைக்கக் கடையில் வாங்கும் மஸ்லின் துணி. 1903 டிசம்பர் 17 அன்று வட கரோலினாவின் கில் டெவில் ஹில்ஸ் மணல்மேட்டில் நான்கு முறை கிளம்பியது. 12, 12, 15, கடைசியாக 59 செகண்ட். அதோடு ரிட்டயர்மெண்ட். அதற்கப்புறம் பறந்ததெல்லாம் அதைப் பற்றிய காகிதங்கள்தான்.

முதல் காகிதம், அன்றே ஆர்வில் ரைட் அப்பாவுக்கு அனுப்பிய தந்தி. மனித குலம் ஆயிரக்கணக்கான வருஷம் காத்திருந்த செய்தி அது. வழியில் 59 செகண்ட் 57 ஆனது. அனுப்பியவர் பெயரும் ‘ஆர்வில்’ என்பதற்குப் பதிலாக ‘ஓரெவெல்’ என்று போய்ச் சேர்ந்தது. வானத்தை வென்றவருக்குத் தந்தியில் இனிஷியல்கூடத் தப்பாகத்தான் விழுந்திருக்கும், இனிஷியல் போடாததால் பிழைத்தார்!

இரண்டாவது காகிதம், மறுநாள் நார்ஃபோக் நகரத்துப் பத்திரிகை. செய்தி எப்படியோ கசிந்துவிட்டது, விவரம் கசியவில்லை. நிருபர் என்ன செய்வார், பாவம்? விமானம் மூன்று மைல் பறந்ததாக எழுதினார். உண்மையில் அன்றைய நீளமான பறப்பே 852 அடி. மெஷினுக்கு அடியில் ஒரு புரொப்பல்லரை மாட்டி, அதுதான் மேலே தூக்கியது என்றும் சொல்லிவிட்டார். வாட்ஸப் பல்கலைக்கழகம் அப்போதே திறந்தாகிவிட்டது.

சரி, போட்டோவாவது பொய் சொல்லாதே? முதல் பறப்பை எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தை கிளிக்கியவர் ஜான் டேனியல்ஸ். கடற்கரை உயிர்காப்பு நிலையத்து ஊழியர். அதற்கு முன் அவர் கேமராவைத் தொட்டதில்லை. விமானம் கிளம்பிய பரபரப்பில் தான் கேமராவின் ஷட்டர் பல்பை அமுக்கினோமா இல்லையா என்றே அவருக்குச் சந்தேகம். அமுக்கித்தான் இருந்தார், நூற்றாண்டின் புகைப்படம் விழுந்தது. நாலாவது பறப்புக்குப் பிறகு காற்று விமானத்தைப் புரட்டியபோது அதைப் பிடிக்கப் போய், உள்ளே சிக்கி உருண்டவரும் இதே டேனியல்ஸ்தான். ஒரே நாளில் முதல் போட்டோகிராஃபர், முதல் விமான விபத்துக் காயம், இரண்டு பட்டமும் அவருக்கே!

உடைந்த விமானத்தைப் பெட்டியில் கட்டி சொந்த ஊரான டேட்டனுக்குக் கொண்டுபோய் ஷெட்டில் போட்டார்கள். 1906இல் அதன் கிராங்க்ஷாஃப்டும் ஃபிளைவீலும் நியூயார்க் கண்காட்சிக்கு இரவல் போயின. திரும்பி வரவே இல்லை. 1913 வெள்ளத்தில் பெட்டிகள் பதினோரு நாள் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறின. டேனியல்ஸ் எடுத்த படத்தின் கண்ணாடி நெகட்டிவும் நனைந்து ஒரு மூலை உரிந்தது. இரண்டுமே தப்பின. அடுத்து வந்த ஆபத்து படித்தவர்களிடமிருந்து.

இந்தக் கதையின் கோட் சூட் போட்ட பாத்திரம் சாமுவேல் லாங்லி. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத் தலைவர், பெரிய வானியலாளர். அவரும் ஒரு விமானம் கட்டினார். ராணுவம் 50,000 டாலர் கொடுத்தது. ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வருமானத்தில் ஆயிரம் டாலருக்குள் முடித்த வேலை! லாங்லியின் மெஷினை பொட்டோமாக் நதியில் ஒரு படகுவீட்டின் கூரையிலிருந்து உந்தி விட்டார்கள். 1903 அக்டோபர் 7 அன்று நேராக ஆற்றுக்குள். டிசம்பர் 8 அன்று மறுபடியும் ஆற்றுக்குள். ஒன்பதே நாள் கழித்து மணல்மேட்டில் சைக்கிள்காரர்கள் பறந்துவிட்டார்கள்.

லாங்லி 1906இல் காலமானார். அவர் நல்ல மனிதர், பாவம். பிரச்னை அவருக்குப் பின் வந்த விசுவாசிகளிடம். 1910இல் ஆர்வில்லின் அண்ணன் வில்பர், 1903 விமானத்தைச் சரிசெய்து தருகிறேன் என்று ஸ்மித்சோனியனுக்கு எழுதினார். அது வேண்டாம், பின்னால் செய்த மாடல் இருந்தால் பார்க்கலாம் என்கிற பாணியில் பதில் வந்தது. வாசலுக்கு வந்த லட்சுமியிடம் ஆதார் கார்டு கேட்ட கதை.

1914இல்தான் ஹைலைட். ரைட்டுகளிடம் பேடண்ட் வழக்கில் தோற்றிருந்த விமானத் தயாரிப்பாளர் கிளென் கர்ட்டிஸிடமே 2,000 டாலர் கொடுத்து, லாங்லியின் பழைய மெஷினைப் பறக்கவைத்துக் காட்டச் சொன்னது ஸ்மித்சோனியன். கர்ட்டிஸ் இறக்கையை மாற்றினார், கட்டுக்கம்பிகளை மாற்றினார், கார்புரேட்டரைத் தொட்டார், அடியில் மிதவை கட்டினார். ஹாமண்ட்ஸ்போர்ட் ஏரியில் அது சுமார் 150 அடி துள்ளியது. கண்காணித்து ரிப்போர்ட் எழுதியவர், வழக்கில் கர்ட்டிஸ் தரப்புச் சாட்சி. நடுநிலை என்றால் இதல்லவா நடுநிலை!

பிறகு மாற்றியதையெல்லாம் கழற்றி, பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, மியூசியத்தில் வைத்து லேபிள் ஒட்டினார்கள்: மனிதனைச் சுமந்து பறக்கும் திறன் கொண்ட உலகின் முதல் விமானம் இதுவே என்று. இரண்டு முறை ஆற்றில் குப்புற விழுந்தது, மீசையில் மட்டும் மண் ஒட்டவில்லை.

அண்ணன் வில்பர் 1912இலேயே டைஃபாய்டில் போய்விட்டார். தனியே நின்ற ஆர்வில் சாதுவான மனிதர், ஆனால் சாது மிரண்டால் கதை தெரியுமே? நீங்கள் லேபிளை மாற்றாதவரை என் விமானம் இந்த நாட்டிலேயே இருக்காது என்று 1928இல் லண்டன் சயன்ஸ் மியூசியத்துக்குக் கப்பலேற்றிவிட்டார். அமெரிக்காவின் பெருமையைப் பார்க்க அமெரிக்கர்கள் இங்கிலாந்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று.

இழுபறி ஓடியது. 1942 அக்டோபரில் ஸ்மித்சோனியன் ஒருவழியாக, கர்ட்டிஸ் என்னென்ன மாற்றினார் என்ற பட்டியலை அச்சிட்டுத் தன் பழைய கூற்றை வாபஸ் வாங்கியது. 28 வருஷம்! ஆர்வில் துள்ளிக் குதிக்கவில்லை. 1943இல் லண்டனுக்குக் கமுக்கமாக ஒரு கடிதம் போட்டார்: போர் முடிந்ததும் விமானத்தைத் திருப்பி அனுப்புங்கள். 1948 ஜனவரியில் அவர் போய்ச் சேர்ந்தார். விமானம் அந்த வருஷம் டிசம்பர் 17 அன்று, பறந்து சரியாக 45 வருஷம் கழித்து, ஸ்மித்சோனியனில் ஏறியது. விலை ஒரு டாலர்.

ஒரு டாலருக்கு ஒரு கொக்கி உண்டு. ரைட் விமானத்துக்கு முன்பே வேறொன்று மனிதனோடு கட்டுப்பாட்டில் பறக்கும் திறன் பெற்றிருந்தது என்று ஸ்மித்சோனியன் எங்கேயாவது சொன்னால், விமானம் வாரிசுகளுக்குத் திரும்பிப் போய்விடும். லாங்லி லேபிள் மறுபடி முளைக்கக் கூடாது என்று வாரிசுகள் போட்ட பூட்டு அது. நடந்தது என்ன? 1901இலேயே கஸ்டாவ் ஒயிட்ஹெட் பறந்துவிட்டார் என்று சொல்பவர்களுக்கு அதுதான் இப்போது பிரம்மாஸ்திரம். “பார்த்தீர்களா, காண்ட்ராக்ட் போட்டு வாயைக் கட்டிவிட்டார்கள்!” உண்மையைக் காக்கப் போட்ட பூட்டே சந்தேகத்துக்குச் சாவியாகிவிட்டது.

இத்தனைக்கும் அந்த விமானத்துக்கு எந்தப் பூட்டும் தேவையில்லை. பறந்ததற்கு ஐந்து சாட்சிகள் உண்டு, படம் உண்டு, நாட்குறிப்பு உண்டு. அதன் துணித் துண்டை 1969இல் ஆர்ம்ஸ்ட்ராங் நிலவுக்குக் கொண்டுபோனார். 2021இல் இன்னொரு துணுக்கு இஞ்சினூயிட்டி ஹெலிகாப்டரோடு செவ்வாயில் பறந்தது. உள்ளாடைத் துணிக்கு இதைவிடப் பெரிய பிரமோஷன் கிடையாது.

ஆகவே வாசகரே, அடுத்த முறை மியூசியம் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதை ரசியுங்கள், லேபிளை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். பொருள் பொய் சொல்லாது. லேபிள் எழுதுகிறவருக்கு மட்டும் எப்போதும் ஒரு குருநாதர் இருப்பார்.