ரேங்க் பட்டியலை ஏன் மறைக்கிறீர்கள்?

அனுப்புநர்:
உலகச் செய்திப் பக்கத்தைக் கடைசி வரி வரை படிக்கும் ஒரு தமிழ் வாசகன்.

பெறுநர்:
தளபதி அவர்கள்,
அமெரிக்க ஆப்பிரிக்கக் கட்டளையகம் (ஆப்ரிகாம்),
கெல்லி பாரக்ஸ், ஸ்டுட்கார்ட், ஜெர்மனி.

பொருள்: பயங்கரவாத ஒழிப்பு மற்றும் எல்லைக் காவல் பயிற்சி – முன்னாள் மாணவர்கள் எட்டிய உயர் பதவிகள் – பாராட்டும் சில கோரிக்கைகளும் – தொடர்பாக.

பார்வை: மாலி 2012, 2020, 2021, கினி 2021, புர்க்கினா ஃபாசோ 2022, நைஜர் 2023.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர்ப்பக்கம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே முச்சந்தியில் பிளெக்ஸ் பேனர் எழும்பிவிடும். அதிக மார்க் வாங்கிய பிள்ளையின் படம் நடுவில், மற்றவர்கள் சுற்றிலும். மூலையில் டியூஷன் சென்டர் நிறுவனர் கைகூப்பிச் சிரிப்பார். முழுப்பரீட்சைக்கு முன்னால் ஒரு வாரம் மட்டும் வந்துபோன பிள்ளையாக இருந்தாலும் விடமாட்டார்கள். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவனுக்குத் தங்களின் தன்னடக்கம் பிடிபடவில்லை. தங்களிடம் பயின்றவர்கள் மாவட்ட முதலிடம், மாநில முதலிடம் என்று நின்றுவிடாமல், நாட்டின் முதலிடத்தையே பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனாலும் ஸ்டுட்கார்ட்டில் ஒரு தட்டிகூட வைத்ததாகத் தெரியவில்லை. ஆகவே பட்டியலை நானே தொகுத்து அனுப்புகிறேன்.

முதலில் மாலியின் கேப்டன் அமடூ சனோகோ. டெக்சாஸில் ஆங்கிலம், ஜார்ஜியாவின் ஃபோர்ட் பென்னிங்கில் காலாட்படைப் பயிற்சி, அரிசோனாவின் ஃபோர்ட் ஹுவாச்சுக்காவில் உளவுப் படிப்பு என்று அமெரிக்காவின் பல முகாம்களில் பயின்றவர். 2012 மார்ச்சில், தலைநகர் பமாகோவை ஒட்டிய காத்தி முகாமில் தொடங்கிய கலகம் அதிபர் அமடூ துமானி தூரேயைத் துரத்தியது. ஆட்சி சனோகோ கைக்கு வந்தது. அந்த அதிபரோ பதவிக்காலம் முடிந்து தாமாகவே போகவிருந்தவர். தேர்தலுக்கு ஏறக்குறைய ஒரு மாதம்தான் பாக்கி. பொறுமை மட்டும் பாடத்திட்டத்தில் இல்லை போலும்.

அடுத்தவர் அதே மாலியின் கர்னல் அசிமி கோய்தா. சிறப்புப் படைத் தளபதியாக இருந்தவர். தங்கள் நாடு 2005 முதல் நடத்திவரும் ஃபிளின்ட்லாக் கூட்டுப் பயிற்சியில் பங்கேற்றவர். 2020 ஆகஸ்டில் ஒரு தடவை, 2021 மே மாதத்தில் மறு தடவை என்று ஒரே பாடத்தில் இருமுறை தேறினார். 2025 ஜூலையில், தேர்தல் என்ற தொல்லையே இல்லாமல் ஐந்தாண்டுப் பதவிக்காலமும் வாங்கிக்கொண்டார். தேவைப்பட்டால் அதைப் புதுப்பித்துக்கொள்ளலாமாம்.

புர்க்கினா ஃபாசோவின் லெப்டினன்ட் கர்னல் போல்-ஆன்ரி டமிபா, 2010-க்கும் 2020-க்கும் இடையில் தங்களின் பயிற்சிகளில் அரை டஜன் முடித்தவர். மேற்கு ஆப்பிரிக்க ராணுவங்களும் பயங்கரவாதமும் என்ற பொருளில் 2021-இல் புத்தகமே எழுதினார். 2022 ஜனவரியில் ஆட்சியைப் பிடித்தார். எட்டே மாதத்தில், அவரிடமிருந்து இப்ராஹிம் திராவோரே என்ற இளம் கேப்டன் ஆட்சியைப் பறித்தார்.

கினியின் மமாடி டும்பூயாவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மற்றவர்கள் எல்லாம் படிப்பை முடித்துவிட்டுப் பரீட்சை எழுதினார்கள். இவர் வகுப்பு நடக்கும்போதே எழுந்து போய் எழுதினார். 2021 ஜூலை நடுவிலிருந்து தங்களின் பச்சைத் தொப்பி வீரர்கள் ஒரு டஜன் பேர் அங்கே முகாமிட்டு, டும்பூயாவின் சிறப்புப் படையினர் சுமார் நூறு பேருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். செப்டம்பர் 5 அன்று அந்தப் படை தலைநகர் கொனாக்ரிக்குப் போய் அதிபர் அல்ஃபா கோண்டேயைச் சிறைபிடித்தது. மூன்றாவது முறை பதவியில் ஒட்டிக்கொள்ள அரசமைப்பையே மாற்றியவர் கோண்டே. அவரைத் தூக்கிய டும்பூயாவும் 2025-இல் புதிய அரசமைப்புக்கு மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் தாமே நின்று அதிபரானார். வாத்தியாரை மிஞ்சிய சிஷ்யர்தான். எந்த வாத்தியாரை என்பதைத் தங்கள் தீர்ப்புக்கே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக, நைஜரின் மூசா சலாவ் பர்மூ. ஃபோர்ட் பென்னிங்கிலும், வாஷிங்டனில் உள்ள தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 2023 ஜூலையில் அதிபர் முகமது பஸூமை அவருடைய மெய்க்காவல் படையே அறையில் போட்டுப் பூட்டியபோது, பர்மூ புதிய ஆட்சியின் பக்கம் நின்று ராணுவத் தலைமைத் தளபதி ஆனார். ஆகஸ்டில் தங்கள் அரசின் வெளியுறவு அதிகாரி விக்டோரியா நூலண்ட் தலைநகர் நியாமேவுக்குப் பறந்து போனார். பஸூமைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. ஆட்சியைப் பிடித்த ஜெனரல் சியானியும் சந்திக்கவில்லை. எதிரில் வந்து உட்கார்ந்தவர் பர்மூ. பழைய மாணவர், பழைய பாசம். மணிக்கணக்கில் பேசியும் ஒன்றும் பெயரவில்லை.

ஐயா, தங்கள் தரப்பு நியாயத்தையும் கேட்டு வைத்திருக்கிறேன். 2023 மார்ச்சில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் ராணுவக் குழு முன்னால் அப்போதைய தளபதி மைக்கேல் லாங்லி நிறுத்தப்பட்டார். டும்பூயாவோடு நமக்கு அடிப்படை விழுமியங்கள் பொதுவாக உண்டா என்று ஓர் உறுப்பினர் மடக்கியபோது, விழுமியங்கள் எங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன என்று சொன்னார். பயின்றவர்களில் எத்தனை பேர் ஆட்சியைக் கவிழ்க்கிறார்கள் என்ற கேள்விக்கு, மிகச் சிறிய விகிதம் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டைக் கவிழ்க்க எத்தனை விகிதம் வேண்டும்? ஒரு கர்னலும் காலை ஐந்து மணியும் போதுமே. அந்த விசாரணை முடிந்து நாலே மாதத்தில் நைஜர் விழுந்தது.

இதில் இன்னொரு சுவாரசியம். லாங்லிக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னால், 2013 ஜனவரியில், அதே நாற்காலியில் இருந்த ஜெனரல் கார்ட்டர் ஹாம் மாலி விவகாரம் பற்றி மனம் திறந்து பேசினார். போர்த் தந்திரமும் தொழில்நுட்பமுமே பெரும்பாலும் கற்பித்தோம், அறநெறிக்கும் படை ஒழுக்கத்துக்கும் போதிய நேரம் ஒதுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். தாங்கள் பயிற்றுவித்த மாலிப் படைப்பிரிவுகளின் தளபதிகள் சிலர், 2012-இல் வடக்கே கிளர்ச்சி வெடித்ததும் ஆளோடும் ஆயுதத்தோடும் வண்டியோடும் எதிரணிக்குப் போய்ச் சேர்ந்திருந்த நேரம் அது. ஆக, 2013-இல் அறநெறி குறைவு; 2023-இல் அறநெறி பாடத்திட்டத்திலேயே உண்டு. நடுவில் பாடம் மாறியிருக்கலாம். பரீட்சை முடிவு மாறவில்லை.

ஆட்சிக் கவிழ்ப்புக்கெல்லாம் தாங்களே காரணம் என்று சொன்னால் அது அபாண்டம். மாலியின் பமாகோவிலும் புர்க்கினாவின் வாகடூகுவிலும் ஆண்ட ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ பெருமக்கள் தம் பங்குக்குச் செய்ததெல்லாம் ஊரறியும். சொந்தச் சிப்பாய்க்குச் சோறு போடாத அரசை எந்தப் பயிற்சியும் காப்பாற்றாது. இதற்கு இனாட்டாவே சாட்சி.

இனாட்டா, புர்க்கினாவின் வடக்கே ஒரு தங்கச் சுரங்கத்தை ஒட்டிய காவல் சாவடி. அங்கே நிறுத்தப்பட்ட ஜாந்தார்ம் (ராணுவக் காவல்) படையினருக்கு ரேஷன் வருவது நின்றுபோனது. இரண்டு வாரமாகச் சாப்பாடு இல்லை, சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் கால்நடைகளை அறுத்துத் தின்று காலம் தள்ளுகிறோம் என்று சாவடித் தலைவர் மேலிடத்துக்குத் தகவல் அனுப்பினார். லாரி வரவில்லை. 2021 நவம்பர் 14 அன்று மோட்டார் சைக்கிள்களிலும் பிக்கப் வண்டிகளிலும் ஜிஹாதிகள் வந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலோர் அந்தப் பசித்த சிப்பாய்கள். நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பின் மேல் ஏறித்தான் இரண்டு மாதம் கழித்து டமிபா அதிபர் மாளிகைக்குள் நுழைந்தார். இருட்டில் குறிபார்த்துச் சுடக் கற்றுக்கொடுக்கப் பன்னாட்டு நிபுணர்கள் வரிசையில் நின்ற நாட்டில், ஓர் அரிசி மூட்டையைச் சாவடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை.

பசித்தவன் கையில் துப்பாக்கி இருந்தால் அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கும் ஆதாரம் குறைவில்லை. 2024 பிப்ரவரி 25 அன்று நோண்டின், சோரோ என்ற இரண்டு கிராமங்களில் 223 பேரை புர்க்கினா ராணுவம் கொன்றதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. அதில் 56 பேர் குழந்தைகள். சுட்டவர்கள் தங்கள் மாணவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 2017-இல் வெளியிட்ட ஆய்வைத் தங்கள் நூலகத்தில் வாங்கி வைத்திருப்பீர்கள். தீவிரவாதக் குழுக்களில் சேர்ந்தவர்களிடம் கடைசித் தூண்டுதல் எது என்று கேட்டால், 71 விழுக்காட்டினர் அரசின் செயலைக் காட்டினார்கள்: குடும்பத்தில் ஒருவரை, நண்பர் ஒருவரைக் கொன்றது அல்லது பிடித்துக்கொண்டு போனது. எதிரியின் ஆள்சேர்ப்பு வேலையை அரசாங்கமே செலவில்லாமல் செய்து கொடுக்கிறது. அந்த அரசாங்கத்துக்குத் தாங்கள் குறி தவறாமல் சுடக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

எல்லைக் காவல் பற்றியும் ஒரு வார்த்தை. ஆப்பிரிக்க நாடுகள் இடம் தரத் தயங்கியதால், 2008-இல் முழு வேகத்தில் செயல்படத் தொடங்கிய நாளிலிருந்து தங்கள் தலைமையகம் ஜெர்மனியில்தான் இருக்கிறது. அடுத்தவர் வீட்டு வேலியை அடுத்த கண்டத்திலிருந்து காப்பது எளிதல்ல. அந்தச் சிரமம் புரிகிறது. ஐரோப்பிய நண்பர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். தம் எல்லையையே நைஜரின் பாலைவனத்துக்கு நகர்த்திவிட்டார்கள். அவர்களின் தூண்டுதலில் 2015-இல் வந்த சட்டம், அகடெஸ் நகரிலிருந்து வடக்கே ஆள் ஏற்றிப் போகும் ஓட்டுநர்களைக் குற்றவாளி ஆக்கியது. நேற்றுவரை பிக்கப் ஓட்டிப் பிழைத்தவன் சிறைக்குப் போனான்; பயணிகள் யாரும் போகாத தடத்தில் போய்த் தாகத்தில் செத்தார்கள். 2023 நவம்பரில் ராணுவ ஆட்சி அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தபோது அகடெஸில் கொண்டாட்டம். எந்தக் குழு எந்த எல்லையைத் தாண்டுகிறது என்று வரைபடம் போடுபவர்கள், அந்த எல்லை ஓரத்து மனிதன் எதைத் தின்று பிழைக்கிறான் என்று ஒரு வரைபடம் போட்டதில்லை.

அதே அகடெஸில் சுமார் 11 கோடி டாலர் செலவில் ட்ரோன் தளம் கட்டினீர்கள். 2024 ஆகஸ்டில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினீர்கள். அதற்குச் சில மாதம் முன்னால் நியாமேவின் 101-ஆம் தளத்தில் ஒரு காட்சி: ஒரு கொட்டகையில் அமெரிக்கர்கள் பெட்டி கட்டுகிறார்கள், அதே தளத்தின் இன்னொரு கொட்டகையில் ரஷ்யப் பயிற்சியாளர்கள் பெட்டியைப் பிரிக்கிறார்கள். மாணவர்கள் அதே மாணவர்கள். 2002-இல் மாலி, நைஜர், சாட், மொரிட்டானியா என்று நாலு நாடுகளோடு தங்கள் அரசு தொடங்கிய, சஹாராவுக்குத் தெற்கே நீளும் சாஹேல் நிலப்பகுதிக்கான திட்டம் இப்படி முடிந்தது. 2024-இல் உலகில் பயங்கரவாதத்துக்குப் பலியானோரில் பாதிக்கும் மேல் சாஹேல் மண்ணில் என்கிறது உலகப் பயங்கரவாதக் குறியீடு.

எனவே, கீழ்க்காணும் கோரிக்கைகளைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

1. யாருக்கு, எந்த ஆண்டில், எந்தப் பாடம், எவ்வளவு செலவு, இப்போது என்ன பதவி என்ற பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடவும். காசு போட்ட அமெரிக்க வரிகட்டுபவரும், குண்டு வாங்கிய சாஹேல் கிராமத்தாரும் சேர்ந்து படிக்க வசதியாக இருக்கும்.

2. பாடத்திட்டத்தில் இரண்டு தாள்களைக் கட்டாயமாக்கவும். ஒன்று, சாவடிக்கு அரிசியும் சிப்பாய்க்குச் சம்பளமும் குறித்த தேதியில் போய்ச்சேர்வது எப்படி. மற்றொன்று, முகாமிலிருந்து தலைநகருக்குப் போகாமல் இருப்பது எப்படி.

3. ஒரு துப்பாக்கிப் பயிற்சியாளரை அனுப்பும்போது, கூடவே ஒரு நீதிபதிக்கும் ஓர் ஆசிரியருக்கும் ஒரு கிணறு வெட்டுபவருக்கும் ஆகும் செலவை ஒதுக்கவும். அகடெஸ் தளத்தின் செலவில் எத்தனை கிணறு என்ற கணக்கைத் தங்கள் கணக்கர்களே போட்டுவிடுவார்கள்.

4. கானா, ஐவரி கோஸ்ட் என்று கடலோர நாடுகளில் ஃபிளின்ட்லாக் வகுப்புகள் நடப்பதாக அறிகிறேன். அங்கேயெல்லாம் தேர்வுத்தாளைத் திருத்தும் பொறுப்பை முகாமுக்குப் பக்கத்துக் கிராமத்தாரிடம் கொடுக்கவும். ராணுவ வண்டி வரும் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் ஓடுகிறார்களா, வெளியே வந்து பார்க்கிறார்களா என்ற ஒரே கேள்வி போதும்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வாசகன்.

நகல்:

1. ஐரோப்பிய ஒன்றியம், பிரஸ்ஸல்ஸ் – 2013 முதல் 2024 வரை மாலிப் படைக்குப் பயிற்சி அளித்தமைக்காக இதே பாராட்டில் சம பங்கு.

2. பிரெஞ்சு பாதுகாப்பு அமைச்சகம், பாரிஸ் – சாஹேலில் நடத்திய பர்கான் ராணுவ நடவடிக்கை தந்த அனுபவத்தை எழுதிவைக்கும்போது அழைக்கப்பட்ட நாளையும் வெளியேற்றப்பட்ட நாளையும் ஒரே பக்கத்தில் அச்சிடவும்.

3. ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், ஆப்பிரிக்கப் படைப்பிரிவு, மாஸ்கோ – மாணவர்கள் தங்களிடம் வந்து சேர்ந்துவிட்டதாக அறிகிறோம். மூரா கிராமத்தில் 2022 மார்ச்சில் மாலிப் படையும் தங்கள் முன்னோடிகளும் சேர்ந்து நடத்திய செய்முறைத் தேர்வில் குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதை ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்திருக்கிறது. 2025-இல் எரிபொருள் லாரிகளை எரித்தே பமாகோவின் பள்ளிகளை மூடவைத்துவிட்டார்கள் ஜிஹாதிகள். பாடம் நன்றாகவே நடக்கிறது. முன் அனுபவம் உள்ளவர்கள் சார்பில் ஒரே ஒரு யோசனை: கட்டணத்தை முன்பணமாக வாங்கிக்கொள்ளவும்.