மல்லிகை மணக்கிறதா என்று கேளுங்கள்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 58. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை நடுங்குகிறது. ‘பார்க்கின்சனா இருக்கலாம்’ என்கிறார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. என்ன செய்ய?
– ஒரு வாசகி, காரியாபட்டி

பதில்: தாயி, ‘இருக்கு’ என்ற சொல்லைவிட ‘இருக்கலாம்’தான் பொல்லாதது; கண்ணை மூடவிடாது. முதல் வேலையாக மதுரைக்குப் பஸ் ஏறுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் நோயல்ல இது. நடக்கச் சொல்லி, விரலைத் தட்டச் சொல்லித்தான் டாக்டர் கண்டுபிடிப்பார். அதற்கு உங்கள் கண்ணும் வேண்டும். நடக்கையில் ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறதா? கையெழுத்து பொடிப்பொடியாகிவிட்டதா? உங்கள் தலையில் இருக்கிற மல்லிகை மணக்கவில்லை என்கிறாரா? குறித்து வையுங்கள். தைராய்டாலும் சில மாத்திரைகளாலும்கூட நடுக்கம் வரும். அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் பையில் போடுங்கள்.

யாராவது பூனைக்காலி விதைப்பொடி கொண்டுவருவார்கள். அதில் பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபா என்ற மருந்து நிஜமாகவே இருக்கிறது. அதனாலேயே அளவு தெரியாமல் தின்னக்கூடாது. 1817-ல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி எழுதியபோது இந்த மருந்து கிடையாது. இன்று மாத்திரையாகவே கிடைக்கிறது.

கிளம்பும் அன்று சட்டைப் பித்தானை அவரே போடட்டும். அரைமணி முன்னதாக எழுப்பிவிடுங்கள்.