சத்தம் வாங்குவது எப்படி?

உங்கள் புல்லட்டில் ஏற்கெனவே ஒரு சைலன்சர் இருக்கிறது. பெயருக்கேற்றபடி அது சத்தத்தை அடக்கவும் செய்கிறது. அதன்மேல் உங்களுக்குள்ள ஒரே மனக்குறை அதுதான் என்றால், மேலே படியுங்கள்.

சென்னைக்காரர் என்றால் ஜி.பி. ரோட்டுக்குப் போவீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். பத்து வண்டியை ஒரே நேரத்தில் முறுக்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வண்டியின் சத்தத்தில் மயங்கி, உங்கள் வண்டிக்குப் பணம் கட்டிவிடுவீர்கள். நான் கட்டினேன்.

“தம்பிக்கு இந்தூரியா, பஞ்சாபா, ஷார்ட் பாட்டிலா?” என்று டீக்கடையில் கேட்பதுபோல் கேட்பார் கடைக்காரர். உடனே பதில் சொல்லாமல் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மறுபக்கம் நிற்கும் பையனின் முகம் தெரிந்தால், தெரு அதிரும் என்று அர்த்தம். நல்ல சரக்கு என்றால் உள்ளே டிபி கில்லர் என்று ஒரு சின்னக் குழாய் இருக்கும், ஒரே ஒரு போல்ட்டில். கழற்றினால் கர்ஜனை, மாட்டினால் சமர்த்து. தூரத்தில் போலீஸ் நிற்பதைப் பார்த்து, ஓடி வந்த சூட்டோடு அதை மாட்ட முயன்றால் என்ன ஆகும் என்பதற்கு என் வலது ஆள்காட்டி விரல் சாட்சி.

‘பிக்கப் ஏறும்’ என்பார்கள். புகை தாராளமாக வெளியேறினால் மட்டும் ஏறிவிடாது. பெட்ரோலும் அந்தக் கணக்குக்கு வர வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு மெயின் ஜெட், எஃப்.ஐ. வண்டிக்கு ஈ.சி.யு. டியூனிங் என்று செலவு தனி. செய்யாமல் விட்டால் கலவை மெலிந்து, ஆக்சிலரேட்டரை விட்டதும் பட், படார் என்று பின்னால் வெடிக்கும். இதைக் கோளாறு என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ‘எஃபெக்ட்’ என்று சொல்லுங்கள்.

ஆர்.எக்ஸ். 100 வைத்திருக்கும் மாமாக்களிடம் மட்டும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் குழாயின் வயிறுதான் பாதி எஞ்சின். அதன் கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே திருப்பித் தள்ளுகிறது. அவர்கள் குழாயைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

“பழசை இங்கேயே போட்டுட்டுப் போங்க தம்பி, ஐநூறு குறைச்சுக்கிறேன்” என்று கடைக்காரர் கருணை காட்டினால் உஷாராகுங்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதிக்குப் பிந்தைய வண்டியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உண்டு; அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் துளித்துளியாக இருக்கும். அது சைலன்சரோடு சேர்ந்து வந்திருந்தால், அந்த ஐநூறுக்குக் காரணம் புரிந்துவிடும். பழசைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போடுங்கள். எஃப்.சி.க்குப் போகும் அன்று அதுதான் குலதெய்வம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 175 சி.சி.க்கு மேற்பட்ட வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 80 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதற்கு மேல் பத்து கூடினாலே ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி, முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மூன்று மாதம் வரை உள்ளேயும் வைக்கலாம். பல ஊர்களில், பிடித்த சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றியிருக்கிறார்கள். வீடியோவில் பார்த்தேன். இத்தனை சத்தம் போட்ட குழாய்கள், தகர டப்பா மாதிரி சப்பென்று படுத்துவிட்டன.

கடைசியாக, கடைக்காரர் சொல்லாத ஒரு பயிற்சி. இரவு பத்து மணிக்கு மேல் வீடு திரும்பினால் தெருமுனையிலேயே எஞ்சினை அணையுங்கள். நியூட்ரலில் போட்டு, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டி, நூற்றுத்தொண்ணூறு கிலோ இரும்பை மூச்சுப் பிடித்துத் தள்ளுங்கள். எங்கள் தெரு வேறு லேசான மேடு. நேற்றும் அப்படித்தான் வேர்த்து வழிய வாசலுக்கு வந்தேன். திண்ணையில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“என்னடா, இன்னைக்கும் வண்டி ரிப்பேரா?”

“ஆமாம்ப்பா.”